சுவருக்குள் ஸ்மார்ட் ரிலே வைக்கும் முன் பெட்டியின் சூட்டை அளந்துவிடுங்கள்

எங்கள் ஹாலில் மேற்குச் சுவர் ஸ்விட்ச் போர்டுக்குள் வைத்த ஸ்மார்ட் ரிலே (ஃபோன் ஆப்பிலிருந்து லைட், ஃபேனை ஆன், ஆஃப் செய்ய உதவும் சின்ன வைஃபை ஸ்விட்ச்), போன மே மாதம் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஆப்பிலிருந்து காணாமல் போய்விடும், பதினொரு மணிக்கு மேல் தானாகத் திரும்பி வரும். வைஃபை கோளாறு என்று ரவுட்டரை இடம் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. காரணம் சூடு. மதியம் முழுக்க அக்னி நட்சத்திர வெயிலை வாங்கிய செங்கல் சுவர் பொழுது சாய்ந்த பிறகுதான் உள்பக்கம் சூட்டைக் கக்குகிறது, மதுரையில் மேற்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

லைன், நியூட்ரல் பார்க்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதையெல்லாம் அவரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

படி 1: கையேட்டில் இருக்கும் 40 டிகிரி எது?

பலரும் வாங்கும் ரிலேக்களான ஷெல்லி, சோனாஃப் மினி இரண்டுக்குமே மேல் வரம்பு 40 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். எனக்குப் புரியாமல் போன இடம் இதுதான். ஆப்பில் 62 என்று காட்டியதைப் பார்த்து, பீஸே பழுது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதுவும் அதையேதான் காட்டியது. ஆப்பில் வருவது ரிலேக்குள் இருக்கும் சென்சாரின் சூடு. கையேடு சொல்வது ரிலேயைச் சுற்றியிருக்கும் காற்றின் சூடு, அதுவும் ரூம் காற்று இல்லை, பெட்டிக்குள் அடைந்து கிடக்கிற காற்று. இரண்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம், ஏனென்றால் ரிலேக்குள் ஸ்விட்சை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்கே (கம்பிச் சுருள்) கிட்டத்தட்ட அரை வாட் போகும், அதோடு வைஃபை சிப், 230 வோல்ட்டைக் குறைக்கும் பவர் சப்ளை எல்லாம் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆக ஆப்பில் 62 பார்த்துப் பயப்பட வேண்டாம், பெட்டிக் காற்று 40-ஐத் தாண்டினால் பயப்படுங்கள். பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும், அதனால் இன்று ஓடுகிறதே என்று விட்டுவிட முடியாது.

படி 2: அளப்பது

மீன்தொட்டிக்கு விற்கும், வயர் முனையில் சென்சார் வைத்த தெர்மாமீட்டர் போதும். தூரத்திலிருந்தே சூடு அளக்கும் லேசர் கன் வேண்டாம், அது பிளேட்டின் மேல்பரப்பைத்தான் அளக்கும். சென்சார் முனை உலோகம் என்பதால் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு மூடி, எம்சிபியை (மெயின் போர்டில் அந்த லைனுக்கான ஸ்விட்ச்) அணைத்துவிட்டு உள்ளே வைத்து பிளேட்டை மூடுங்கள். காலை ஆறு, மதியம் மூன்று, ராத்திரி எட்டு மணிக்குக் குறித்துவையுங்கள். எனக்கு 33, 38, 43 வந்தது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரில் 36-க்கு மேல் போகவே இல்லை.

படி 3: இடம்

40-ஐத் தொட்டால் வேறு இடம் பாருங்கள். நான் அதே வயர் போகும் உள்சுவர் ஜங்ஷன் பாக்ஸுக்கு மாற்றினேன், அதற்கப்புறம் ரிலே ஒருநாள்கூட ஆப்பிலிருந்து போகவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே சீலிங்கில் வைக்காதீர்கள், அது மேற்குச் சுவரைவிட மோசம். பெட்டி பிளாஸ்டிக்காக, ஆழமாக இருக்கட்டும், இரும்புப் பெட்டி வைஃபையையும் தடுக்கும்.

படி 4: லோடு

16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் மூடிய பெட்டிக்குள் நான் எட்டைத் தாண்ட விடமாட்டேன். கரண்ட் இரண்டு மடங்கானால் கான்டாக்டில் (ரிலேக்குள் கரண்ட் கடக்கும் முனைகள்) சூடு நான்கு மடங்கு. 2000 வாட் கீசரே 8.7 ஆம்பியர் இழுக்கும். கீசர், தண்ணீர் மோட்டார் இரண்டுக்கும் மெயின் போர்டில் கான்டாக்டர் (பெரிய லோடு தாங்கும் பெரிய ரிலே) போட்டு, அதன் காயிலை மட்டும் ரிலே இயக்கட்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுப்பதால் சின்ன ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.

படி 5: ஸ்க்ரூ

தயவுசெய்து இதை அவசரமாகச் செய்யாதீர்கள். லூஸான இணைப்பில் 0.05 ஓம் இருந்தாலே 10 ஆம்பியரில் 5 வாட் சூடு, காயிலைப் போல் பத்து மடங்கு. வீட்டு பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான். பழைய இடத்திலிருந்து கழற்றியபோது என் நியூட்ரல் முனை பழுப்பேறியிருந்தது. பல இழை வயரை முறுக்கிச் சொருகினால் கொஞ்ச நாளில் தளரும், ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்துங்கள். மதுரையில் டவுன்ஹால் ரோட்டில் கேட்டுப் பாருங்கள். இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து எம்சிபியை அணைத்துவிட்டு மறுபடியும்.

பிற்சேர்க்கை: பிளேட்டில் ஓட்டை போட்டால் காற்று போகுமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், விரல் போகாத ஓட்டையிலும் எறும்பு போகும், கொஞ்சம் பெரிதென்றால் பல்லிக்குட்டி போகும். உசிலம்பட்டி நண்பர் ஒருவருக்கு உள்சுவரிலும் 42 வந்ததாம். அதே பெட்டியில் டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டர் இருந்திருக்கிறது, அதுவும் சூடு விடும். ரெகுலேட்டரை அடுத்த பெட்டிக்கு மாற்றியதும் 37-க்கு இறங்கிவிட்டது.