பழக்கமில்லாத நாவலோடு ஒரு மாதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஏழு பேர் பௌர்ணமி விடுமுறையான ஒவ்வொரு போயா தினத்திலும் பின்னேரம் ஒரு வீட்டில் கூடிச் சீட்டுக் குலுக்குகிறோம். சீட்டில் புத்தகத்தின் பெயர் இருக்காது, வகை மட்டும் இருக்கும்: துப்பறியும் நாவல், வரலாற்று நாவல், தேயிலைத் தோட்ட வாழ்வைச் சொல்லும் மலையக நாவல், அறிவியல் புனைகதை, சிங்களத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. ஒருவர் வழக்கமாக வாசிக்கும் வகையே அவருக்கு விழுந்தால் சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். அடுத்த போயாவுக்குள் அந்த வகையில் ஒரு நாவலை வாசித்து முடிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக இப்படி நடக்கிறது. இதற்குள் எங்கள் கைகளில் பாதியில் மூடப்பட்ட நாவல்கள் பல. பிறகு அவற்றில் சிலவற்றை எடுத்து ஆறுதலாக வாசித்துப் பார்த்தேன். மோசமான நாவல்கள் மிகக் குறைவு. நாங்கள் நுழைந்த வாசல்தான் பிழையாக இருந்தது.

தேர்விலேயே முதல் தவறு நேர்கிறது. வரலாற்று நாவல் என்று சீட்டு விழுந்ததும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘பொன்னியின் செல்வன்’தான். ஐந்து பாகங்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த கதை அது. அந்தக் காலத்து வாசகர்கள் வாராவாரம் காத்திருந்து ஆண்டுக்கணக்கில் வாசித்ததை முப்பது நாளில் விழுங்க முயன்றால் மூச்சு முட்டத்தான் செய்யும். தொடர்கதையின் கட்டுமானமும் வேறு. அத்தியாய முடிவில் ஒரு கொக்கி இருக்கும், முந்தைய வாரம் நடந்தது ஆங்காங்கே நினைவூட்டப்படும். ஒரே இருப்பில் பத்து அத்தியாயம் வாசிப்பவருக்கு அந்த நினைவூட்டல் வளவளப்பாகத் தோன்றுகிறது. ஒரு வாரம் காத்திருந்தவருக்கோ அது தேவையாக இருந்தது. நான் கரையோர ரயிலில் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவள். ஏறி இறங்குவதற்குள் பத்துப் பக்கம் வாசிக்கலாம், இருக்கை கிடைத்தால் பன்னிரண்டு. பழக்கமில்லாத வகைக்கு இருநூறு, இருநூற்றைம்பது பக்க நாவலே போதும். பெரிய புகழ் பெற்ற நாவல் வேறொரு மாதத்துக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது தவறைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே முளைக்கின்றன. நமக்குப் பிடித்த நாவல் கற்றுக்கொடுத்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அந்நிய நாவலை அளப்பதுதான் அது. நான் குடும்ப நாவல்களில் வளர்ந்தவள். துப்பறியும் நாவல் விழுந்த மாதத்தில், பாத்திரங்களுக்கு ஆழம் இல்லை என்று எல்லோரிடமும் குறைப்பட்டேன். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு பென்சிலோடு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில், சமையற்காரப் பெண் தேநீர்க் கோப்பைகளைக் கழுவும்போது இரண்டுக்குப் பதிலாக மூன்று கோப்பைகள் இருந்தன. ஒரே ஒரு வரி. அந்த வரியை என் கண்ணெதிரே வைத்துவிட்டு, நான் அதைக் கவனிக்காதபடி அடுத்த வரியில் மழையைப் பெய்ய வைத்திருந்தார் எழுத்தாளர். அந்த வகை நாவலின் ஆழம் அங்கே இருக்கிறது. அதைப் பாத்திரத்தின் மனத்துக்குள் தேடியது என் பிழை.

ஒவ்வொரு வகையும் வாசகரிடம் வெவ்வேறு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறது. காதல் நாவலில் இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எது அவர்களைத் தடுக்கிறது, அதை யார் முதலில் ஒப்புக்கொள்கிறார் என்பதே கேள்வி. அறிவியல் புனைகதையில் முதல் முப்பது பக்கம் அறியாத சொற்கள் விளக்கமின்றி வரும். ஏதோ தவறவிட்டோம் என்று பயந்து திரும்பத் திரும்பப் பின்னால் போக வேண்டாம். அந்த உலகத்தை வாசகரே கட்டியெழுப்ப வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. 2022ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல், நாம் நடமாடும் இதே கொழும்பில், 1990இல் நிகழ்கிறது. கதை முழுவதும் இறந்துபோன ஒரு புகைப்படக்காரனை முன்னிலையில் விளித்தே சொல்லப்படுகிறது. எங்களில் ஒருவர் அந்த விளிப்பு எரிச்சலூட்டுகிறது என்று பதினைந்தாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் காது பழகியிருக்கும்.

அறியாத சொல் என்றதும் மலையக நாவல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பத்தில், கொழும்பில் வளர்ந்த எனக்கு, எங்கள் நாட்டுத் தமிழ்தானே என்ற துணிவு இருந்தது. லயம், காம்பரா, பிரட்டு, கவ்வாத்து என்று வந்த சொற்களைக் குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு வேகமாகக் கடந்தேன். ஓரிடத்தில் ஒரு பெண் மாலையில் வீடு திரும்பி, ‘இன்றைக்கு அரைப் பேர்தான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போகிறாள். அந்த வரியையும் கடந்துவிட்டேன். போயாவன்று அதைப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டபோது, நான்காம் மாடியிலிருந்து வரும் அக்கா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். அவர் ஹற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். “பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் தங்கச்சி. கொழுந்து நிறை குறைந்தால் பாதிப் பேர்தான் போடுவார்கள். காலையிலிருந்து மலையில் நின்றவளுக்கு அரை நாள் கூலி. அவள் ஏன் வேறொன்றும் பேசவில்லை என்று இப்போது தெரிகிறதா?” என்று கேட்டார். அன்றிரவே அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். அடுத்த பத்தியில் அவள் பானையில் போடும் அரிசி வழக்கத்தைவிட ஒரு பிடி குறைவு என்று எழுதியிருந்தது. அதையும் நான் முன்பு வாசித்துத்தான் இருந்தேன்.

ஆகவே புரியாத வட்டாரச் சொல்லை ஊகித்துவிட்டு ஓடாதீர்கள். அகராதியைவிட அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்பது மேல். கொழும்பில் அது கடினமான காரியமும் அல்ல. மட்டக்களப்பு, மன்னார், மலையகம், யாழ்ப்பாணம் என்று எல்லா ஊர்த் தமிழும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்யும் நகரம் இது.

ரசனைக்கு வெளியே என்றால் கடல் கடந்து போக வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. செப்டெம்பர் மாதப் புத்தகக் கண்காட்சிக்கு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்துக்குப் போகிறோம். தமிழ்ப் புத்தகக் கூடங்களைச் சுற்றிவிட்டு, சிங்களப் புத்தகங்கள் மலைபோல் குவிந்திருக்கும் கூடங்களைக் கடந்து வெளியே வந்துவிடுகிறோம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் வெளியான நாவல். தென்னிலங்கைக் கிராமமொன்றில் பழைய பெருங்குடும்பம் ஒன்று தளர்வதையும் வியாபாரத்தால் ஒருவன் எழுவதையும் சொல்கிறது. எம்.எம். உவைஸ் அதை ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழில் தந்தார். அதை வாசித்தபோது என் அப்பாவின் ஊர் வீடுதான் கண்ணில் நின்றது. திண்ணை, கடன், வெளியே சொல்ல முடியாத மானம் எல்லாம் அப்படியே இருந்தன. எண்பது ஆண்டுகளாக அடுத்த அலுமாரியில் இருந்த கதையை நான் இவ்வளவு பிந்தித் தொட்டேன் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பழைய நாவல்களைப் பற்றியும் ஒன்று. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ ஈழத்துத் தமிழ் நாவல்களில் முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. தமிழின் முதல் நாவல் வெளிவந்து ஆறே ஆண்டுகளில் வந்தது. கதையோ எகிப்தில் தொடங்குகிறது. இத்தகைய நாவலில் அறிவுரை குறுக்கிடும், தற்செயல்கள் நிறைய வரும். இன்றைய மனநிலையில் அவற்றைக் குறையாக எண்ணுவது எளிது. நாவல் என்ற வடிவமே தமிழுக்குப் புதிதாக இருந்த காலம் என்பதை மனதில் வைத்து, எழுதியவர் வாசகரை எப்படிக் கைபிடித்து அழைத்துப் போகிறார் என்று பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் சுவைக்கிறது.

மொழிபெயர்ப்பு நாவலைப் பெயர்களுக்குப் பயந்து மூடிவிடுபவர்கள் உண்டு. ரஷ்ய நாவலில் ஒரே ஆளைச் சொந்தப் பெயரும் தந்தை பெயரும் சேர்த்து மரியாதையாக ஒருவர் அழைப்பார், குடும்பப் பெயரால் இன்னொருவர், செல்லப் பெயரால் தாய். ஒரு சின்ன அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் இரண்டு நாளில் பழகிவிடும். வாங்குவதற்கு முன் அது முழு மொழிபெயர்ப்பா, சுருக்கமா என்றும் பாருங்கள். சுருக்கத்தை வாசித்துவிட்டு மூல எழுத்தாளரைக் குறை சொல்வது நியாயமில்லை. நாவல் படமாக வந்திருந்தால் வாசிப்பு முடியும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.

எப்போது கைவிடலாம்? இருபதாம் பக்கத்தில் கூடாது. கால்வாசி வரை போங்கள் என்பது என் கருத்து. அதற்கு மேலும் ஒட்டவில்லை என்றால் மூடிவைக்கலாம், ஆனால் எந்தப் பக்கத்தில், எதனால் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கூடும்போது பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் பக்கத்தில் நின்றீர்கள் என்று கேட்கிறோம். நாவலை முடித்தவரும் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றிருப்பார். அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்கிறோம்.

இந்த மாதம் எனக்குப் பேய்க்கதை விழுந்திருக்கிறது. நூற்றெண்பது பக்கம், தமிழ்ச் சங்க நூலகத்தில் இரவல் எடுத்தது. எழுபதாம் பக்கம் வரை வந்துவிட்டேன், இன்னும் பேய் வரவில்லை. கதவொன்று மட்டும் தினமும் ஒரு விரற்கடை அகலமாகத் திறந்துகொண்டிருக்கிறது.