ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள பழைய வி8 எஞ்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பழைய கார் வேலை தெரிந்த பாஸ்மார் (மெக்கானிக்குகள்) பெரும்பாலும் மொரிஸ் மைனரிலும் ஒஸ்டினிலும் கை பழகியவர்கள். மைனர் 1000இல் டிக் டிக் என்று சத்தம் வந்தால் வால்வை அழுத்தும் கையான ரொக்கரின் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜை விட்டு, ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையே 0.012 அங்குலம் இடைவெளி வைத்து நட்டை இறுக்குவார்கள், வேலை முடிந்தது. அதே பழக்கத்தில் ரோவர் 3500இன் வி8ஐத் திறந்தால் ரொக்கரில் திருப்ப ஸ்குரூவே இருக்காது. ஏதோ குறைகிறது என்று நினைத்து இடைவெளி உண்டாக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு.

அதில் இடைவெளி இருக்கவே கூடாது. கேம் ஷாஃப்டின் அசைவை ரொக்கர் பக்கம் கடத்தும் துண்டுதான் லிஃப்டர். அதற்குள் ஒரு சிறு பிளஞ்சர் (மேலும் கீழும் நகரும் தண்டு), ஒரு ஸ்பிரிங், ஒயில் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒரு வால்வு. ஒயில் நிரம்பியதும் பிளஞ்சர் மேலெழுந்து, தேய்மானத்தையும் சூட்டில் வரும் விரிவையும் தானே ஈடுகட்டிவிடும். அதற்காக ஸ்குரூ இருப்பதை மட்டும் வைத்து ஹைட்ராலிக் இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம், ஏனென்றால் 1950இல் பவர்கிளைட் ஓட்டோ கியரோடு வந்த செவ்ரோலே 235இல் ஹைட்ராலிக் லிஃப்டரும் உண்டு, ரொக்கரில் ஸ்குரூவும் உண்டு.

எஞ்சின் எது என்பதை பொனட்டில் உள்ள பெயரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. நம் ஊரில் எஞ்சின் மாற்றாத பழைய கார் எத்தனை? ரோவர் வி8 உண்மையில் 1961இல் பியூக் கொண்டுவந்த அலுமினிய எஞ்சின், 3.5 லீட்டர். உரிமையை ரோவர் 1965இல் வாங்கி, 1967இல் பி5பி காரில் போட்டது. அதே காலத்து ஓல்ட்ஸ்மொபில் எஞ்சினும் ஏறத்தாழ அப்படியே இருக்கும், ஆனால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வேறு. ஆகவே கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் கேஸ்கெட் கேட்கும் முன் ஒரு பக்க ஹெட்டில் எத்தனை போல்ட் என்று எண்ணிப் பாருங்கள்: ஓல்ட்ஸ்மொபிலில் 18, பியூக்கிலும் ஆரம்பகால ரோவரிலும் 14.

நிறையப் பேர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு, என் பார்வையில் இதுதான் எஞ்சினைக் கெடுப்பது. சூடேறி வளைந்த ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்து, லிஃப்டருக்கும் ரொக்கருக்கும் இடையே உள்ள பழைய புஷ்ரொட்டையே போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். ஹெட் கீழே இறங்கியதால் பிளஞ்சர் அளவுக்கு மேல் அமுங்கும். அது 0.020 முதல் 0.060 அங்குலத்துக்குள் அமுங்கியிருப்பதே சரி. அதைத் தாண்டி அடியில் முட்டினால் வால்வு முழுதாக மூடாது, கம்பிரஷன் போகும், வால்வும் கருகும். ரொக்கர் தாங்கிக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் சரியாகும். அளக்காமல் மட்டும் வைக்காதீர்கள்.

சில வாரம் நிறுத்தி வைத்த காரை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் தட்டுவது இயல்பு, ஒயில் வடிந்திருக்கும். சூடான பிறகும் தட்டினால் லிஃப்டரைப் பழிப்பதற்கு முன் ரொக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத் தேய்மானத்தையும் எக்ஸோஸ்ட் கசிவையும் பாருங்கள். லிஃப்டரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வைத்து அங்கேயே திரும்பப் போடுங்கள், பிளஞ்சர்களைக் கலக்கவே வேண்டாம், ஒவ்வொன்றும் தன் கூட்டுக்கென்றே பொருத்தப்பட்டது. கேம் ஷாஃப்ட் புதிது என்றால் லிஃப்டரும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒயில் பம்ப். கழற்றிப் பூட்டும்போது கியர்களுக்கு இடையே வாஸ்லினை நிறைத்து அடைக்க வேண்டும், கிரீஸ் கூடாது. காலியாகப் பூட்டினால் பம்ப் ஒயிலை இழுக்காமல் எஞ்சின் வறண்டு சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாக பம்பை ட்ரில்லால் சுற்றி, பிரஷர் ஏறுவதைக் கேஜில் பார்த்த பிறகே சாவியைப் போடுங்கள்.