காருக்குள் மழை

போன மே மாதம், என் சின்ன ஹேட்ச்பேக்கின் முன் சீட்டில் இருந்த அம்மா, "என்னடா, கால் எல்லாம் ஈரமா இருக்கு" என்றார். மேட்டைத் தூக்கினால் அடியில் கார்பெட் சொதசொத. சென்னையில் அன்றைக்கு ஒரு சொட்டு மழை கிடையாது.

சர்வீஸ் சென்டரில் பார்த்த கையோடு, "ஏசி கூலிங் காயில் போயிருக்கும், டாஷ்போர்டைக் கழற்றணும்" என்றார்கள். தொகையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் ஈரத்தைத் தொட்டு முகர்ந்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிந்திருந்தால் நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருக்கும். இது வெறும் தண்ணீர். ஏசி காயிலில் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி, ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. சரி, அடைப்புதான்.

வண்டியை ஜாக்கில் தூக்கி, தாங்கும் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்), தடித்த தங்கூசியை (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) குழாய்க்குள் மெதுவாக விட்டேன். முதலில் சேறு, அப்புறம் ஒரு குவளைத் தண்ணீர், அதுவும் என் முகத்தில். டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருந்த கேபின் ஃபில்டரில் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) வேப்பம்பூ அப்பிக் கிடந்தது. அதையும் மாற்றினேன்.

கார்பெட்டுக்கு அடியில் வயர்கள் ஓடுவதால் இரண்டு நாள் கதவைத் திறந்துவைத்து உலர்த்தினேன். வண்டி இன்னும் அதே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. எங்கள் தெருவில் வேறு நிழல் ஏது?