காஸ் அடிப்பதற்கு முன்: பிரிட்ஜ் விஷயத்தில் நாம் விடும் தவறுகள்

சென்ற சித்திரை வெயிலில் அம்மாவின் பிரிட்ஜுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. மேலே பிரீசரில் மீன் கல்லாக உறைந்து கிடந்தது. கீழ்த்தட்டில் வைத்த பால் ஒரே இரவில் திரைந்துபோனது. திருத்த வந்தவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, காஸ் முடிந்துவிட்டது என்றார். பெட்டியைக் கொண்டுபோய்க் காஸ் அடித்து, மூன்றாம் நாள் கொண்டுவந்து வைத்தார். நன்றாகவே குளிர்ந்தது. மூன்று கிழமை கழித்து மறுபடியும் பால் திரைந்தது. மறுபடியும் காஸ், மறுபடியும் பணம், மறுபடியும் மூன்று கிழமை.

அந்தப் பெட்டியில் காஸ் ஒருபோதும் குறைந்திருக்கவில்லை. இதே கதையை அதன் பிறகு உறவினர் வீடுகளிலும் அயலிலும் பல தடவை கேட்டுவிட்டேன். ஒரு பிரிட்ஜ் வாங்கப் பல மாதங்கள் சேமிக்கும் குடும்பங்கள், தேவையில்லாத திருத்தத்துக்குப் பணம் கொடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

காஸ் எரிந்து தீர்வதில்லை

அடுப்புக்கு வாங்கும் காஸ் எரிந்து தீர்கிறது. பிரிட்ஜின் காஸ் அப்படியல்ல. அது அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகும்போது உணவின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கொம்பிரசர் அதை அழுத்தி வெளிப்புறக் குழாய்களுக்குத் தள்ள, அங்கே திரவமாகி அந்த வெப்பத்தைக் குசினிக்குள் கொட்டுகிறது. பத்துப் பதினைந்து வருடம் ஓடினாலும் அதன் அளவு குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடி அடைக்காமல் காஸ் மட்டும் அடிப்பது, ஓட்டை வாளியால் கிணற்றில் அள்ளுவதுதான்.

ஆகவே காஸ் இல்லை என்று ஒருவர் சொன்னால், எங்கே ஒழுகியது என்று காட்டும்படி கேளுங்கள். குழாயைத் திறந்து வேலை செய்தால், ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியையும் புதிதாக மாற்ற வேண்டும். உள்ளே தங்கும் ஈரம் மெல்லிய குழாயில் உறைந்து அடைத்துவிடும். இப்போது வரும் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது எரியக்கூடியது. ஒரு பெட்டிக்குச் சில பத்துக் கிராம்களே போதும் என்பதால், தராசில் நிறுத்துத்தான் அடைக்க வேண்டும். குத்துமதிப்பாக அடிப்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் பெட்டி, பனி தானாக உருகும் வகை. இந்த வகையில் குளிர்க் குழாய்கள் பிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு சிறிய விசிறி அங்கிருந்து குளிர்காற்றைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளும். குழாய்களில் படியும் பனியை இடைக்கிடை உருக்க ஒரு ஹீற்றர் உண்டு. அந்த ஹீற்றரோ, அதை இயக்கும் டைமரோ சென்சரோ பழுதானால், பனி நாளுக்கு நாள் தடித்துக் காற்றின் வழியை அடைத்துவிடும். மேலே குளிர், கீழே வெக்கை. காஸ் அடிக்கவென்று பெட்டியை இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள் அல்லவா? பனி உருகி வழி திறந்தது அப்போதுதான். பெட்டி குளிர்ந்ததற்குக் காரணம் அந்த ஓய்வு. பனி மறுபடி வளர மூன்று கிழமை எடுத்தது. கடைசியில் ஒரு சிறிய சென்சரை மாற்றியதுடன் எல்லாம் சரியாகிவிட்டது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். சாமான்களை அயல் வீட்டுப் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து, கீழே பழந்துணி விரித்து 24 மணி நேரம் விடுங்கள். மீண்டும் போட்டதும் கீழ்த்தட்டு நன்றாகக் குளிர்ந்து, சில நாட்களிலோ கிழமைகளிலோ பழையபடி கெட்டால், குற்றம் பனி உருக்கும் பகுதியில் என்று பெரும்பாலும் நம்பலாம். காஸ் ஒழுகிய பெட்டி வேறு விதமாக நடந்துகொள்ளும்: கொம்பிரசர் ஓயாமல் ஓடும், மேலும் கீழும் சேர்ந்தே குளிர் குறையும், ஓய்வு கொடுத்தாலும் தேறாது. இன்னொன்றையும் பாருங்கள். பிரீசரைப் பொதிகளால் அடைத்துக் காற்றுத் துவாரங்களை மூடிவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும். அதற்குத் திருத்துநரே தேவையில்லை.

வெப்பம் வெளியேற இடம் வேண்டும்

பெட்டி வெப்பத்தை வெளியே கொட்டுகிறது என்பதை மனதில் வைத்தால், பாதித் தவறுகள் தாமாகவே தெரியும். எங்கள் குசினிகளில் இட நெருக்கடியால் பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். சிலர் பின் விறாந்தையில் மேற்கு வெயில் படும்படி வைக்கிறார்கள். வெளியே 33, 34 பாகை கொதிக்கும் நாளில், வெப்பத்தைக் கொட்ட இடமில்லாத பெட்டி ஓயாமல் ஓடி மின்கட்டணத்தை ஏற்றுகிறது. பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேலே துணி விரித்துப் பத்திரிகைக் கட்டு அடுக்காதீர்கள்.

பின்புறம் கறுப்புக் குழாய்வலை தெரியும் பெட்டியானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு மென்மையான தூரிகையால் தூசியைத் துடையுங்கள். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை போன்ற யாழ்ப்பாணக் கடலோர ஊர்களின் வீடுகளில் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி பசைபோல ஒட்டி, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கொம்பிரசர் இருக்கும் குழியில் பல்லி, கரப்பான், எலி குடியேறி வயரைக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய பெட்டிகளின் பக்கவாட்டுத் தகடு சுடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வெப்பக் குழாய்கள் அந்தத் தகட்டுக்குள்தான் ஓடுகின்றன. நிறுத்திய பின் உள்ளே தண்ணீர் ஓடுவதுபோல் கேட்கும் சத்தமும் இயல்பானதே.

கத்தி வேண்டாம்

ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பிரீசரின் சுவரே குளிர்க் குழாய். அதன் அலுமினியத் தகடு மெல்லியது. ஒட்டிக்கொண்ட மீன் பொதியைக் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ நெம்பியவர்கள் பலருக்கு "சீ" என்ற சத்தத்தோடு காஸ் முழுவதும் போயிருக்கிறது. அந்த ஓட்டையைத் திருப்திகரமாக அடைப்பது கடினம். பனி ஒரு விரற்கடை தடித்ததும் நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அரை மணி நேரத்தில் பனி தானாகக் கழன்று விழத் தொடங்கும்.

தெர்மோஸ்டட் திருகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலிருக்கும் 1 முதல் 7 வரையான எண்கள் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிரும் கூடும். குளிர் போதவில்லை என்று 1க்குத் திருப்பிவிட்டுக் காத்திருந்தவர்களை அறிவேன். சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டில் ஒரு குவளைத் தண்ணீருக்குள் வையுங்கள். கீழ்ப்பகுதி 4 பாகை சென்ரிகிரேட் அல்லது அதற்குக் கீழே, பிரீசர் மறை 18. இந்த இரண்டு எண்களே போதும்.

கதவு இறப்பரைச் சோதிக்க ஒரு காசுத் தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இழுவை இல்லாமல் வந்தால் அந்த இடத்தால் ஈரக்காற்று உள்ளே போகிறது. பல நேரங்களில் இறப்பரின் மடிப்பில் சிந்திய குழம்பும் கறுத்த பூஞ்சணமும்தான் காரணம். சவர்க்காரம் கரைத்த வெந்நீரில் கழுவினாலே ஒட்டத் தொடங்கும்.

மின்சாரம் வந்து போகும்போது

2022இல் இலங்கை முழுவதும் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் கருகிய கொம்பிரசர்கள் பலவற்றுக்கு இருட்டு குற்றவாளி அல்ல; மின்சாரம் வந்து, உடனே போய், உடனே வந்த அந்தச் சில நொடிகளே குற்றவாளி. ஓடி நின்ற கொம்பிரசரின் இரு பக்கத்து அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் தேவை. அதற்கு முன் மின்சாரம் பாய்ந்தால் அது சுழல முடியாமல் முனகும், பாதுகாப்புச் சுவிட்ச் "டிக்" என்று வெட்டும், மறுபடி முனகும். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து மிகத் தாழ்ந்தாலும் இதே முனகல்தான். இந்தச் சத்தம் கேட்டால் உடனே பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடமாவது பொறுங்கள். மின்னழுத்தம் கூடிக் குறையும்போது இணைப்பைத் துண்டித்து, சில நிமிடம் தாமதித்துத் திரும்பக் கொடுக்கும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு கொம்பிரசரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம்.

பிரிட்ஜுக்குச் சுவரில் தனிப் பிளக் வேண்டும். மெல்லிய நீட்டிப்பு வயரில் கேத்தலோடு சேர்த்து மாட்டினால் வயர் சுட்டு உருகும். பெட்டியைத் தொடும்போது விறுவிறுப்பாக இருந்தாலோ, ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தாலோ, மின்கசிவு இருக்கிறது என்று பொருள். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து வயர் இழுப்பது உயிரோடு விளையாடுவது.

மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்த்தட்டு ஏறத்தாழ 4 மணி நேரமும், நிரம்பிய பிரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால் மீன், இறால், தேங்காய்ப்பால் விட்ட கறிகளை மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு மணமில்லை.

சூடான கறியை வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்று சொதிச் சட்டியை இரவு முழுவதும் மேசையில் விடுவது எங்கள் வீடுகளில் பழகிப்போன பிழை. எங்கள் வெக்கையில் ஒரு மணி நேரமே அதிகம். சிறிய பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றுக்கு உள்ளே வேலையில்லை. காயாக வைத்த கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுக்காமலே சுவை கெடும். வெளியில் பழுத்த பிறகு வையுங்கள். கருவாட்டு மணம் போக ஒரு கிண்ணத்தில் அப்பச் சோடா போதும்.

பின்னால் ஒரு தட்டு இருக்கிறது

இதைத்தான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். பனி உருகும் தண்ணீர், கொம்பிரசருக்கு மேலேயுள்ள ஒரு தட்டில் சேர்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் தென்னஞ்சிரட்டையையும் பழைய ரயரையும் தேடி அகற்றும் நாங்கள், குசினிக்குள்ளேயே டெங்கு நுளம்புக்குத் தொட்டி வைத்திருக்கிறோம். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு கிழமை அளவே போதும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை கழற்றி, தேய்த்துக் கழுவுங்கள். கழற்ற முடியாத தட்டானால் பஞ்சால் ஒற்றித் தேயுங்கள்.

காய்கறிப் பெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கினால், உள்ளே பின்சுவரின் அடியிலுள்ள வடிகால் துளை அடைபட்டிருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சால் வெந்நீர் பாய்ச்சினால் திறந்துவிடும்.

பூட்டிய வீட்டுப் பிரிட்ஜ்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டு வெளிநாடு திரும்புகிறவர்கள், பிரிட்ஜை நிறுத்திக் கதவை இறுக மூடிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வருடம் திறந்தால் சுவரெல்லாம் பூஞ்சணம். தொண்ணூறுகளில் போரால் மின்சாரமில்லாத வருடங்களில் எங்கள் வீட்டுப் பெட்டி புத்தக அலுமாரியாக நின்றது. அதன் இறப்பர் காய்ந்து வெடித்ததை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். போகும்போது உள்ளே கழுவித் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, கதவு சாத்தாதபடி இடையில் ஒரு கட்டை வைத்துக் கட்டிவிடுங்கள். பின்தட்டையும் காயவிடுங்கள்.

இனிப் பாவிக்க முடியாது என்று பெட்டியைக் கோடியில் தூக்கிப் போடுவதானால், முதலில் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே ஏறிக் கதவு சாத்திக்கொண்டால், பழைய கொளுக்கிக் கதவை உள்ளிருந்து திறக்கவே முடியாது.