புள்ளி பூஜ்யத்தை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, இந்த எண் 3-ஆல வகுபடுது, 7-ஆல வகுபடுது, 10-ஆலயும் வகுபடுதுண்ணே!"

எண் 147573952589676412927. கடைசி இலக்கம் 7. அது எப்படிடா 10-ஆல் வகுபடும்? எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கிற காலத்தில் இதே கூத்தை அடித்து, ஒரு நோட்டு நிறைய 'காரணிகள்' எழுதி வைத்திருந்தவன் நான்.

அது 2-இன் 67-ஆவது அடுக்கில் ஒன்று குறைந்த எண். 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் அதைப் பகா எண் என்று பட்டியல் போட்டார். 1876-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், கணிதவியலாளர் லூக்கா, அது பகா எண் இல்லை என்று நிறுவினார், காரணிதான் சிக்கவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் 193707721 × 761838257287 என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார் என்பார்கள்.

'/' போட்டு வகுப்பது

தம்பியின் பைத்தான் நிரல் n/d போட்டு (n நம்ம எண், d வகுக்கும் எண்), விடை '.0' என்று முடிகிறதா, அதாவது முழு எண்ணா என்று பார்த்தது. அங்கேதான் வினை. '/' போட்ட நிமிடமே விடை ஃப்ளோட், அதாவது கணினி தோராயமாக வைத்துக்கொள்ளும் தசம எண், ஆகிவிடும். ஃப்ளோட்டுக்கு 53 பிட்தான் (இரும இலக்கம்) துல்லியம். 9007199254740992-ஐத் தாண்டினால் தசமப் பகுதி வைக்க இடமே கிடையாது. எது வந்தாலும் முழு எண்தான். நம்ம எண்ணை 10-ஆல் வகுத்தால் வரும் விடையின் உயரத்தில், 2048-க்கு ஒன்று என்றுதான் ஃப்ளோட் எண்களே இருக்கின்றன. ஆக, 16384 வரை எதைக் கொடுத்தாலும் விடை அந்த எல்லைக்குக் கீழே இறங்காது, 'வகுபடுது' என்றுதான் வரும்.

இதையாவது கடைசி 7 காட்டிக் கொடுத்துவிடும். பெரிய d வந்தால் பொய் கண்ணுக்கே தெரியாது. நம்ம எண்ணோடு 10000-ஐக் கூட்டி 193707721-ஆல் வகுத்துப் பாருங்கள். அப்போதும் அதே 761838257287.0. என் நோட்டில் பாதி இந்த ரகம்தான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

n % d போடுங்கள்; மீதி பூஜ்யமா என்று பாருங்கள். ஈவு வேண்டுமென்றால் '//'. வர்க்கமூலத்துக்கும் இதே கதைதான், அதற்கு முழு எண்ணாகவே விடை தரும் math.isqrt இருக்கிறது.

கண்ட எண்ணாலெல்லாம் வகுப்பது

இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 தரும். கோலின் இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். 3, 7 பக்கம் போயிருக்கவே வேண்டாம். தம்பியிடம் இதைச் சொன்னதும் முகம் போன போக்கு!

2-ஐ மட்டும் வைத்துப் பகா எண் என்று முடிவு கட்டுவது

2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண் p-க்கும், 2-இன் (p−1)-ஆவது அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1. அதற்காக மீதி 1 வந்ததெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 2-இன் 560-ஆவது அடுக்கை 561-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 561 = 3 × 11 × 17.

எக்செல்லில் ஒட்டுவது

முதல் 15 இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் பூஜ்யமாகிவிடும்: 147573952589676000000. வேண்டாம்.