முன்வார்ப்புக் கட்டடம் எழுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு முன்வார்ப்பு புதிய செய்தி அன்று. கிணற்றில் இறக்கும் கான்கிரீட் உறைகள், சிமெண்ட் ஜன்னல் நிலைகள், மனையைச் சுற்றி ஓரிரு நாளில் எழுந்துவிடும் பலகைக் காம்பவுண்டு ஆகிய எல்லாமே வேறோர் இடத்தில் வார்த்து, இறுகவிட்டு, வண்டியில் ஏற்றிவந்து பொருத்துபவைதாம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், காலணித் தொழிலுக்காக எழும் இரும்பு ஷெட்டுகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்மைக் காலத்தில் சுவர், தளம், படிக்கட்டு என்று வீட்டின் முழு உடலையும் இப்படிச் செய்யும் முறை நம் ஊருக்கு வரத் தொடங்கியிருக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் கட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்ட பிறகு, "நம் மனையிலும் அப்படிக் கட்டலாமா?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கட்டலாம் என்பதே என் விடை. ஆனால் செங்கல் வைத்துக் கட்டும் வேலையில் பழகிய மனத்தோடு இதற்குள் இறங்கினால், அந்த வேலையில் மன்னிக்கப்படும் பிழைகள் இதில் மன்னிக்கப்படுவதில்லை. பணியிடங்களை மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, முன்வார்ப்பு முறையில் வேலை குறைகிறது என்று எண்ணுவது. வேலை குறைவதில்லை, முன்னால் நகர்கிறது. செங்கல் சுவரில் மின்பெட்டி எங்கே வர வேண்டும் என்பதைப் பூச்சு வேலைக்கு முதல்நாள் கூடத் தீர்மானிக்கலாம். முன்வார்ப்புச் சுவரிலோ அச்சில் கான்கிரீட் ஊற்றும் முன்பே ஒவ்வொரு சுவிட்சும், குளியலறைக் குழாயும், ஏசி தண்ணீர் வெளியேறும் துளையும் வரைபடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் இதைப் பெரும்பாலும் உணர்வதில்லை, உணர்த்த வேண்டிய கான்ட்ராக்டரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார். காட்பாடிப் பக்கத்தில் ஒரு வீட்டில், சுவர்கள் நின்ற பிறகு சமையலறைப் புகைபோக்கிக்கு ஓட்டை வேண்டும் என்று முடிவானது. "நாலு அங்குலம்தானே சார், தட்டி எடுத்துடலாம்" என்றார் மேஸ்திரி. நான் மறுநாள் போனபோது ஜன்னலின் மேல்மூலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பள்ளம் இருந்தது. அதற்குள் சாய்வாகப் போட்டிருந்த இரண்டு கம்பிகள் அறுபட்டு, வெட்டிய முகம் பளபளவென்று தெரிந்தது. ஜன்னல் மூலையில் விரிசல் விழாமல் காப்பதற்காகவே போட்ட கம்பிகள் அவை. அந்த இடத்தைச் சரிசெய்யக் கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்து, தகடு பொருத்தி, வேதியியல் பசை இட்ட ஆணிகளால் இறுக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டியே ஒரு குழாய்த் துண்டை அச்சில் வைத்திருந்தால் செலவே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இணைப்பில் நேர்வது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொழிற்சாலையில் செய்த பலகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அங்கே இரும்பு அச்சு உண்டு, அதிர்வு மேசை உண்டு, கான்கிரீட்டை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்த இடமும் நேரமும் உண்டு. பலகையும் பலகையும் சந்திக்கும் இரண்டு அங்குல இடைவெளியைத்தான் வெயிலில் நின்றுகொண்டு நம் ஆட்கள் நிரப்புகிறார்கள். கட்டடத்தின் உயிர் அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு, துண்டு துண்டாகச் செதுக்கிய கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி நிறுத்துவது தெரிந்த கலைதான். ஆனால் அங்கே கல்லின் பெரும் பாரமே கல்லைப் பிடித்து வைக்கிறது. ஆறு அங்குலக் கனமுள்ள சுவர்ப்பலகைக்கு அந்த வசதி இல்லை. அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இரும்பால் கட்டிப்போட வேண்டும். 1968 மே 16 அன்று லண்டனில் முன்வார்ப்புப் பலகைகளால் எழுப்பிய ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆவது மாடியில் எரிவாயு கசிந்து வெடித்தது. ஒரு சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட, அது தாங்கியிருந்த மேல் மாடிகள் சரிந்தன, அந்தப் பாரம் விழுந்து கீழ் மாடிகளும் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். 1986இல் அதைப் பிரித்து இறக்கியபோது, சாந்து நிரம்பியிருக்க வேண்டிய சில இணைப்புகளில் செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நம் நாட்டிலும் 2001 சனவரி 26 குஜராத் பூஜ் நிலநடுக்கத்தில், முன்வார்ப்பு முறையில் கட்டிய பள்ளிக் கட்டடங்கள் பலவற்றின் கூரைகள் விழுந்தன. கூரைப் பலகைகளுக்கும் சுவர்களுக்கும் போதிய பிணைப்பு இருக்கவில்லை. அன்று குடியரசு நாள் என்பதால் வகுப்புகள் இல்லை. வேலூர், நிலநடுக்க விதிநூலான ஐஎஸ் 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி மிதமான நிலநடுக்க ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. ஆகவே "நம் ஊரில் பூமி ஆடாது" என்று இணைப்புக் கம்பியைக் குறைப்பது பொறுப்பற்ற செயல்.

பணியிடத்தில் இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். கீழ்ப்பலகையின் தலையிலிருந்து செங்குத்தாக நிற்கும் கம்பி, மேற்பலகையின் அடியில் உள்ள நெளிவுக் குழாய்க்குள் நுழைய வேண்டும். பிறகு குழாயின் கீழ்த்துளை வழியே கிரவுட் எனும் இளகிய சிமெண்ட் கலவையை ஏற்றி, மேல்துளையில் அது வழிந்து வரும்வரை நிரப்ப வேண்டும். பலகையை இறக்கும்போது கம்பி ஓர் அங்குலம் விலகி நின்றால், கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்கும் பதற்றத்தில் யாராவது ஒருவர் கம்பியைக் குழாய்க்கு ஏற்ப வளைக்கிறார், அல்லது கட்டிங் மிஷின் எடுத்து அறுத்தே விடுகிறார். பலகை உட்கார்ந்துவிடுகிறது, வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. இந்த ஒரு செயலைத் தடுப்பதற்காகவாவது ஒவ்வொரு பலகை இறங்கும்போதும் பொறியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அடுத்தது தண்ணீர். சுருங்காத கிரவுட் மூட்டையில் எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்று அச்சிட்டே வருகிறது. ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும்போது கலவை சீக்கிரம் இறுகத் தொடங்கும். உடனே ஒரு குவளை நீரைக் கூட ஊற்றி இளக்குவார்கள். அப்படி இளக்கிய கிரவுட் வலுவிழக்கும், பின்னர்ச் சுருங்கிக் கம்பியைப் பற்றிக்கொள்ளாமல் விடும். மூட்டையையும் நீரையும் நிழலில் வைத்து, குளிர்ந்த நீரைப் பயன்படுத்தி, விடியற்காலையிலோ மாலையிலோ ஊற்றுவதே தீர்வு. குழாயின் உட்புறத்தை முன்பே நனைத்து, தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு நாள் கலவையிலும் சோதனைக் கட்டிகள் எடுத்து வைக்க வேண்டும், அவை வேண்டிய வலுவை எட்டும் முன் பலகையைப் பிடித்து நிறுத்தும் சாய்வு முட்டுகளைக் கழற்றக் கூடாது.

பலகையைத் தூக்குவதிலும் கொண்டுவருவதிலும் நேரும் தவறுகள் உயிரோடு விளையாடுபவை. கான்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 2,500 கிலோ. மூன்று மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், 150 மி.மீ. கனம் கொண்ட சாதாரணச் சுவர்ப்பலகையே ஏறத்தாழ 3.4 டன் வரும். அதை இரண்டு சங்கிலியால் தூக்கும்போது, சங்கிலி கிடைமட்டத்தோடு 60 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 டன் விசை வரும். சங்கிலி குட்டையாக இருந்து சாய்வு 30 பாகையாகப் படுத்துவிட்டால், ஒவ்வொரு சங்கிலியும் முழு 3.4 டன்னையும் சுமக்கும், பலகையின் கொக்கிகளும் உள்நோக்கி இழுபடும். "12 டன் ஹைட்ரா கிரேன், 3 டன் பலகையைத் தூக்காதா?" என்று கேட்பவர்கள், கை நீள நீள அந்த வண்டியின் திறன் வேகமாகக் குறைவதை நினைப்பதில்லை. ஜேசிபியின் வாளியில் சங்கிலி மாட்டிச் சுவர்ப்பலகை தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன், அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

பாதையையும் முன்பே நடந்து பார்க்க வேண்டும். லாரியின் அகலம் 2.6 மீட்டருக்குள் என்பது விதி. அந்த லாரி தேசிய நெடுஞ்சாலை 48இல் எளிதாக வந்துவிடும். சைதாப்பேட்டை, கொசப்பேட்டைச் சந்துகளில் திரும்புமா, குறுக்கே தொங்கும் மின்கம்பிக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் பலகை நுழையுமா, கிரேன் தன் கால்களை விரித்து நிற்கத் தெருவில் இடம் உண்டா என்பவற்றைப் பலகையின் அளவைத் தீர்மானிக்கும் முன்பே கேட்க வேண்டும். இறக்கிய தளப்பலகைகளை அடுக்கும்போது இடையில் வைக்கும் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் இருப்பது அவசியம். ஒரு கட்டை ஓர் அடி விலகினாலும், மேலே உள்ள பாரம் கீழ்ப்பலகையை நடுவில் முறிக்கும். சஜ்ஜா போன்ற, ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள உறுப்புகளில் முதன்மைக் கம்பி மேல்முகத்தில் இருக்கும். அவற்றைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் கம்பி இருந்தும் இல்லாததற்குச் சமம். வார்த்த அன்றே மேல்முகத்தில் பெயிண்டால் அடையாளம் இடச் சொல்லுங்கள்.

கடைக்கால் மட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் வேலையில் அரை அங்குல ஏற்றத்தாழ்வை முதல் வரிசைக் கலவையில் சரிக்கட்டலாம், இங்கே அது மேல்மாடி வரை தொடர்ந்து வளரும். ரசமட்டத்தையும் டியூப் லெவலையும் மட்டும் நம்பாமல் கருவி வைத்து அளக்க வேண்டும், கம்பிகள் நிற்கும் இடத்தைத் துளையிட்ட தகட்டு அச்சு வைத்துப் பிடிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலை மறப்பது அடுத்த பெருந்தவறு. வேறு ஊரில் நன்றாக அமைந்த 150 மி.மீ. திடக் கான்கிரீட் சுவரை அப்படியே இங்கே மேற்குப் பக்கம் நிறுத்தினால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட அதிக வெப்பத்தை உள்ளே விடும். நடுவில் காப்புப் பொருள் வைத்து வார்த்த பலகையை மேற்கிலும் தெற்கிலுமாவது கேளுங்கள். மொட்டைமாடியில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் நம் பழைய வழக்கத்தை முன்வார்ப்புத் தளம் என்பதற்காகக் கைவிட வேண்டாம், அதன் பாரத்தை மட்டும் வடிவமைப்பாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வெயில் இணைப்புகளையும் வருத்தும். ஆறு மீட்டர் நீளப் பலகை 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. நீண்டு சுருங்கும். வெளிப்புற இடைவெளியைச் சிமெண்ட் பூசி அடைத்தால் முதல் கோடையிலேயே விரிசல் விழும், ஐப்பசி மழை அதன் வழியே உள்ளே வரும். அங்கே நுரைக் கயிறு வைத்து, அதன்மேல் நீண்டு சுருங்கவல்ல சீலண்ட் இட வேண்டும்.

இரும்பு ஷெட்டிலும் இதே கணக்குதான். 60 மீட்டர் நீளக் கூரை அதே மாற்றத்தில் 20 மி.மீ.க்கு மேல் நீளும். தோல் பதனிடும் இடங்களில் ஈரமும் வேதிப்பொருளும் இரும்பை அரிப்பதால் சாதாரண பெயிண்ட் போதாது. லாரி நுழைய இடைஞ்சலாக இருக்கிறது என்று தூண்களுக்கிடையே உள்ள குறுக்குக் கம்பிகளைக் கழற்றுவதும் நடக்கிறது. காற்று அடிக்கும்போது கொட்டகை சாயாமல் பிடிப்பவை அவையே.

செலவைப் பற்றிய தவறான எண்ணமும் உண்டு. ஒரே அச்சில் நூறு பலகை வார்த்தால்தான் அச்சின் விலை பகிர்ந்து குறையும். வளைவும் கோணலும் கொண்ட ஒற்றை வீட்டுக்கு இந்த முறை பெரும்பாலும் மலிவாக இராது. அப்படிப்பட்டவர்களுக்கு, சுவரைச் செங்கல்லில் கட்டி, தளத்தையும் படிக்கட்டையும் லிண்டலையும் மட்டும் முன்வார்ப்பில் வாங்குவதே நல்ல வழி என்று நான் சொல்வேன். விற்பவரிடம் ஐஎஸ் 15916 விதிநூலின்படியும், 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட நெறியில் ஆறாம் பாகத்தின் ஏழாம் பிரிவின்படியும் வடிவமைத்த கணக்கைக் கையெழுத்துடன் கேளுங்கள். தரத் தயங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

குடியேறிய பிறகு நேரும் தவறு ஒன்று பாக்கியிருக்கிறது. இத்தகைய வீட்டில் பல சுவர்கள் பாரம் தாங்குபவை. பத்து ஆண்டுகள் கழித்துக் கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்க வருகிறவருக்கோ, கதவுக்கு மேலே துளையிட வருகிற எலக்ட்ரீசியனுக்கோ அது தெரியாது. பலகைகளின் எண்ணும் இணைப்புக் கம்பிகளின் இடமும் குறித்த இறுதி வரைபடத்தையும், கிரவுட் நிரப்பியபோது எடுத்த ஒளிப்படங்களையும் பணம் முழுவதும் கொடுத்து முடிக்கும் முன்பே வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்றால் அவற்றையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.