பழைய எஸ்டீமுக்கு டர்போ: கடலோரக் கொட்டகையிலிருந்து ஒரு செய்முறை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓலைக் கொட்டகை ஒன்றில் என் 2001ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் நிற்கிறது. 1,298 சிசி பெட்ரோல் இன்ஜின். புதிதில் 85 பிஹெச்பி. அதற்கு டர்போ பொருத்திய நாள் முதல், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது “எவ்வளவு வேகம் போகும்?” என்பதைத்தான். ஆயில் எந்த வழியாகத் திரும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வேலையில் பணமும் இன்ஜினும் பறிபோவது பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத இடங்களில்தான். ஆகவே அவற்றை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்க இடம் உண்டு. என் கார் பொதுச் சாலைக்கு வருவதில்லை. பந்தயத் தளத்துக்கு லாரியில் ஏறிப் போகிறது, லாரியில் திரும்பி வருகிறது. கீழ்க்கண்ட செய்முறையும் அப்படிப்பட்ட காருக்கு மட்டுமே.

டர்போ செய்வது இவ்வளவுதான்: சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். டர்போ தருவது காற்றை மட்டும். அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோலையும், தண்டுக்கு ஆயிலையும், அழுத்தத்துக்கு ஒரு கடிவாளத்தையும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

படி 1: இன்ஜின் தாங்குமா?

இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் மின்பொறியையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். எதுவானாலும் அதைச் சரிசெய்யாமல் டர்போவைத் தொட வேண்டாம்.

ரேடியேட்டரையும் விரலால் தடவிப் பாருங்கள். நம் கடற்கரையில் பத்து ஆண்டுகள் நின்ற காரில் அதன் இதழ்கள் அப்பளம் போல உதிரும். உதிர்ந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டின் வயது தெரியவில்லை என்றால் அதையும்.

படி 2: டர்போவைத் தேர்ந்தெடுத்தல்

சிறிய கணக்கு ஒன்று போடுவோம். 1.3 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சை இழுக்கிறது. 6,000 சுற்றில் அது நிமிடத்துக்கு 3,900 லிட்டர். 85 சதவீதம் நிரம்புவதாகக் கொண்டால் ஏறத்தாழ 3,300 லிட்டர், எடையில் சுமார் 3.8 கிலோ காற்று. நாம் கூடுதலாகக் கொடுக்கப்போவது 0.4 பார் அழுத்தம், அதாவது ஆறு பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு. அதனால் காற்று சுமார் 5 கிலோ ஆகும். சக்தி 110 பிஹெச்பியை ஒட்டி வரும் என எதிர்பார்க்கலாம். பிஸ்டனையும் ராடையும் மாற்றாத பழைய இன்ஜினுக்கு இது போதும். தொடங்குகிறவர்கள் இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவுக்கு 1.2 அல்லது 1.4 லிட்டர் பெட்ரோல் டர்போ கார்களில் வரும் சிறிய டர்போ பொருந்தும். பழைய சாமான் கடைகளில் டீசல் கார் டர்போதான் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். பெட்ரோல் புகை 900 டிகிரியையும் தாண்டும். டீசல் டர்போக்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டுக்காக வார்க்கப்பட்டவை அல்ல.

வாங்கும்போது தண்டை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆடலாம். முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலே வேண்டாம். சக்கரத்தின் இதழ் கூட்டின் சுவரில் உரசிய தடம் இருந்தாலும் வேண்டாம்.

படி 3: மேனிஃபோல்டு

இன்ஜினின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி இது. இதை நல்ல டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஹெட்டில் உட்காரும் தகடு 10 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். வெல்டிங் முடிந்த பிறகு வளைந்திருக்கும். பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமன்செய்து வாங்குங்கள். டர்போவின் எடையைக் குழாய் மட்டும் சுமக்கக் கூடாது. இன்ஜின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள்.

வெளியூர்க்காரர்கள் குழாயின் மேல் வெப்பத்துணி சுற்றச் சொல்வார்கள். இந்தக் கடற்கரையில் நான் சுற்ற மாட்டேன். இரவெல்லாம் உப்பு ஈரத்தைக் குடித்துவிட்டு, அந்தத் துணி குழாயை உள்ளிருந்தே தின்கிறது. தகட்டில் ஒரு வெப்பத் தடுப்பு செய்து இடைவெளி விட்டு மாட்டினால் போதும்.

படி 4: ஆயில் வழி

ஆயில் உள்ளே போக மெல்லிய குழாய் போதும். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு ‘டி’ இணைப்புப் போட்டு எடுக்கலாம். சிக்கல் திரும்பி வரும் வழியில்தான். டர்போவிலிருந்து இறங்கும் ஆயிலுக்குப் பின்னால் அழுத்தம் எதுவும் இல்லை. நுரையோடு, தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. ஆகவே ஹோஸின் உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வழி நெடுகச் சரிவாக, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்.

முதல் முறை நான் பொருத்தியபோது, இன்ஜின் மவுண்டில் இடிக்காமல் இருக்க அந்த ஹோஸை ஓர் இடத்தில் இரண்டு விரல் அளவு தூக்கி வளைத்திருந்தேன். ஐடிலில் பத்து நிமிடம் ஓடியதும் கொட்டகை முழுக்க நீலப்புகை. டர்போவின் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி, கடன் வாங்கி இன்னொரு டர்போ வாங்கினேன். அதுவும் புகைத்தது. மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். குனிந்து அந்த ஹோஸை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார். வளைவில் விரல் நின்றது. “தம்பி, வாய்க்கால் நடுவே மேடு வைத்தால் தண்ணீர் எப்படி வயலுக்குப் போகும்?” என்றார். மவுண்டின் ஓரத்தைத் தேய்த்து, ஹோஸை நேராக இறக்கினோம். முதலில் வாங்கிய டர்போவையே திரும்ப மாட்டினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

படி 5: காற்று வழி

35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று, 0.4 பாருக்கு அமுக்கப்பட்டதும் 80 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே பம்பருக்குப் பின்னால், அந்தக் காற்றைக் குளிர்விக்க ஒரு சிறிய இன்டர்கூலர் வேண்டும். ஹோஸ்களைச் சிலிக்கானில் வாங்கி, போல்ட் வைத்த ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போடுங்கள்.

தொடங்குகிறவர்கள் மறக்கும் இரண்டு சிறிய ஹோஸ்கள் உண்டு. ஒன்று, பிரேக் பூஸ்டருக்குப் போவது. அதில் உள்ள ஒருவழி வால்வு கசிந்தால் அழுத்தக் காற்று பூஸ்டருக்குள் புகுந்து பிரேக் மிதி கல்லாகிவிடும். மற்றொன்று, இன்ஜின் அடிப்பகுதியின் ஆவியை இழுக்கும் ஹோஸ். அதிலும் ஒருவழி வால்வு இல்லையென்றால் சம்ப்புக்குள் அழுத்தம் ஏறி, நேற்று வரை ஒழுகாத சீல்கள் எல்லாம் ஒழுகும்.

ஏர் ஃபில்டரைக் கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். திறந்த ஃபில்டர் சத்தம் தரும். கூடவே, காற்றோடு பறந்து வரும் கடற்கரைப் பொடிமணலுக்கும் கதவைத் திறந்து வைக்கும்.

படி 6: பெட்ரோலும் பொறியும்

காற்று கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடவில்லை என்றால் பிஸ்டன் உருகும். இதில் ‘கிட்டத்தட்ட’ என்பதற்கே இடமில்லை.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் இன்னும் அதிகம் வேண்டும். அழுத்தம் ஏறும் நேரத்தில் லாம்டா (எரிய வேண்டிய அளவோடு ஒப்பிட்ட காற்றின் விகிதம்; 1க்குக் கீழே என்றால் எரிபொருள் கூடுதல்) 0.80க்கும் 0.85க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று வைத்தால், 11 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள். 5 கிலோ காற்றுக்கு 450 கிராம், அளவில் சுமார் 600 மில்லி. நான்காகப் பிரித்தால், பெட்ரோலைப் பீய்ச்சும் ஓர் இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 150 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே வைக்கக் கூடாது என்பதையும் பாதுகாப்பு இடைவெளியையும் சேர்த்து, 240 முதல் 280 சிசி வரையிலான இன்ஜெக்டர் வாங்குங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் ஊறவைத்துப் பிளக்கும். எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். பக்கத்திலேயே 900 டிகிரி இரும்பு இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கம்பெனி இசியூவுக்கும் (இன்ஜினை இயக்கும் கணினி) காற்றழுத்தத்தை அளக்கும் அதன் மேப் சென்சாருக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எதுவும் தெரியாது. ஆகவே அதிக அழுத்தம் படிக்கும் சென்சாரும், தனி இசியூவும், புகையிலிருந்து லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் தேவை. தனி இசியூவில் ஸ்பீடுயினோ போன்ற திறந்த வடிவமைப்புகள் உள்ளன. பொறியின் நேரத்தை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் பின்தள்ளித் தொடங்குங்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே, இறுதி அளவு டைனோவில்தான் (காரை நிறுத்தியபடி ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) முடிவாக வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மில்லிமீட்டர்.

நாக் சத்தத்தை, அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிக்கும் சத்தத்தை, காது பழகிக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் சில்லறையைக் குலுக்கியது போல ஒலிக்கும். கேட்ட கணமே காலை எடுங்கள். நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

படி 7: முதல் ஸ்டார்ட்

டர்போவின் ஆயில் துளையில் சில சொட்டு ஆயில் விடுங்கள். இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, திரும்பும் ஹோஸை ஒரு டப்பாவில் விட்டு, ஆயில் வரும் வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். ஆயிலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹோஸை மாட்டி இன்ஜினை எழுப்ப வேண்டும். முதல் இருபது நிமிடம் ஐடிலில் விட்டு எல்லா இணைப்புகளையும் பாருங்கள். ஓடி முடித்த பிறகு இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும். ஆயில் ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் புதிது.

படி 8: உப்பு

அழுத்தத்துக்குக் கடிவாளம் என்றேனே, அது வேஸ்ட்கேட். டர்பைனுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் தப்பவிடும் சின்னக் கதவு. அழுத்தம் ஏறியதும் ஒரு கம்பி அதன் நெம்புகோலைத் தள்ளித் திறக்கும். அந்த நெம்புகோல் ஒரு சிறிய ஊசியின் மேல்தான் அசைகிறது.

ஒரு மழைக்காலத்தில் கார் இரண்டு மாதம் கொட்டகையிலேயே நின்றது. பிறகு தளத்தில் இரண்டாவது கியரில் மிதித்தேன். அழுத்தமானியின் முள் 0.4இல் நிற்காமல் 0.9க்குப் போனது. காலை எடுத்துவிட்டதால் பிழைத்தேன். திறந்து பார்த்தால் ஊசியைச் சுற்றிப் பழுப்புத் துரு, அதன் மேல் பனி போல வெள்ளை உப்பு. கதவு மூடியபடியே இறுகிவிட்டது. அன்றே இசியூவில் 0.55 பாருக்கு மேல் போனால் பெட்ரோலை நிறுத்தும்படி எழுதிவைத்தேன். அதை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

இப்போது வாரம் ஒருமுறை இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுகிறேன். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர் என்பதால் குடிநீர்க் குடத்திலிருந்துதான். சென்சார் இணைப்புகளில் மின்காப்புக் கிரீஸ் தடவுகிறேன். பிறகு, அளவுமானி உள்ள கைப்பம்ப்பை வேஸ்ட்கேட் ஹோஸில் மாட்டி மெல்ல அழுத்துகிறேன். 0.35 பாரை ஒட்டி நெம்புகோல் அசைய வேண்டும். விட்டதும் ‘டிக்’ என்று இருக்கைக்குத் திரும்ப வேண்டும். முள் ஏறிக்கொண்டே போய் நெம்புகோல் அசையவில்லை என்றால், கழற்றிச் சுத்தம் செய்யும் வரை சாவி கொட்டகை ஆணியிலேயே தொங்கட்டும்.